நீந்தும் எலியும் நெடுநோயாளியும்: வித்துராவிலிருந்து சோர்வை அணுகுதல்

1. கேள்வி

திருவனந்தபுரம் மாவட்டத்து நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது வித்துரா. ஊருக்குக் கிழக்கே அகத்தியமலைக் காடும் அதற்குள் காணிக்காரர்களின் குடியிருப்புகளும் இருக்கின்றன. அடிவாரத்தில் ரப்பர், மேலே தேயிலை. போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் கணிசமானோர் தமிழகத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். மலைக்கு அப்பால் இருப்பது நம் பாபநாசம்தான். இரு பக்கமும் காணிகள் வாழ்கிறார்கள்; அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே கிடக்கின்றன.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, முடக்குவாதம், புற்றுநோய், பக்கவாதம் என்று ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழ்பவர்கள் சொல்லும் சோர்வை எப்படிப் புரிந்துகொள்வது? அது உடலில் ஆற்றல் குறைந்ததன் அடையாளமா? மனச்சோர்வின் இன்னொரு முகமா? வறுமையும் வேலைச்சுமையும் உடம்பின் வழியே பேசுவதா? மூன்று விடைகளுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் சான்றுகளும் இருக்கின்றன.

இதை வித்துராவிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. களைப்பை நீக்கும் மூலிகை என்று இந்தியாவில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்ட செடி இந்தக் காட்டிலிருந்துதான் வெளியே வந்தது. நெடுநோயாளியின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் ஏற்பாட்டை ஊராட்சிகளின் கையில் கொடுத்த மாநிலமும் இதுதான். களைப்புக்கு மருந்து கண்ட கதையும் நோயாளியைத் தேடிப்போகும் கதையும் ஒரே மண்ணில் நடந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

2. காட்டிலிருந்து வந்த விளக்கம்

1987 டிசம்பரில், பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்தியத் திட்டத்தைச் சேர்ந்த பி. புஷ்பாங்கதன், எஸ். ராஜசேகரன் முதலிய ஆய்வாளர்கள் அகத்தியமலைக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்டிகளாகக் காணி இளைஞர்கள் கூட வந்தனர். ஆய்வாளர்கள் மூச்சுவாங்கியபோதும் வழிகாட்டிகள் சலிக்காமல் நடந்தார்கள். அவ்வப்போது ஒரு சிறு கருங்காயைத் தின்றபடி வந்தார்கள். ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்கும் களைப்பு குறைந்ததாகத் தோன்றியது. எந்தச் செடி என்று சொல்லக் காணிகள் முதலில் தயங்கினார்கள், பிறகு காட்டினார்கள். ஓடைக்கரை நிழலில் வளரும் அந்தச் சிறு செடியின் தாவரவியல் பெயர் டிரைக்கோப்பஸ் ஜைலானிக்கஸ். ஆரோக்கியப்பச்சை என்ற பெயரில் அது புகழ்பெற்றது. 1988-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை அதைக் காணிகளின் ஜின்செங் என்றே தலைப்பில் அறிவித்தது.

அடுத்து நடந்தது பலரும் அறிந்தது. வித்துராவுக்கு அருகில் பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ஆரோக்கியப்பச்சையுடன் அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற கலவையை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசி ரூ. 10 லட்சம் உரிமக் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது. வருவாயில் பாதியைக் காணிகளுக்குத் தர ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவானது, 1999-இல் ரூ. 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதற்குப் போய்ச் சேர்ந்தது. மரபறிவுக்குப் பங்கு தந்த முன்மாதிரி என்று உலகெங்கும் இது மேற்கோள் காட்டப்பட்டது.

மேற்கோள்களில் அடிக்கடி விடுபடுவது ஒன்றுண்டு. ஆய்வாளர்களுக்குச் செடியைக் காட்டியவர்கள் குற்றிச்சல் பக்கத்துக் காணிகள். வித்துரா பஞ்சாயத்துப் பகுதியின் பிலாத்திகள் (காணிகளின் வைத்தியர்கள்) ஒன்பது பேர் 1995 செப்டம்பரில் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதித் தங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதை எதிர்த்தார்கள். இந்த எதிர்ப்பைப் பெரும்பாலும் உரிமைப் பிரச்சினையாக மட்டுமே படித்திருக்கிறார்கள். எனக்கு அதில் மருத்துவப் பிரச்சினையும் தெரிகிறது. பிலாத்தியின் கையில் ஒரு மூலிகை தனியாக இருப்பதில்லை. யாருக்கு, எந்த நிலையில், எந்தச் சடங்கோடு, எத்தனை நாள் என்ற கணக்கும் அதோடு சேர்ந்தது. புட்டியில் அடைத்த பொடிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

காட்டில் காயைத் தின்றவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஆரோக்கியமான இளைஞர்கள், பகல் முழுதும் மலை நடப்பவர்கள். அவர்களுடைய களைப்பு உழைப்பிலிருந்து வந்தது, ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடக் கூடியது. நெடுநோயாளியின் சோர்வுக்கு உழைப்பு தேவையில்லை. எழுந்து பல் துலக்கியதுமே அது வந்துவிடும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவித்து ஒரே அலமாரியில் டானிக்கை அடுக்கி விற்பது நம் மருந்துக் கடைகளின் நெடுநாள் பழக்கம்.

3. எலி ஏன் நீந்துவதை நிறுத்துகிறது?

ஆரோக்கியப்பச்சை பற்றி வெளியான ஆய்வுகளில் பெரும்பகுதி சுண்டெலிகளில் நடந்தவை. முறை எளியது. சுண்டெலியைத் தண்ணீரில் விடுவார்கள்; ஓய்ந்துபோகும்வரை எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்ப்பார்கள். செடியின் சாறு கொடுக்கப்பட்ட எலி கூடுதல் நேரம் நீந்தினால் அது களைப்பை எதிர்க்கும் மருந்து.

இதே தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மருந்தியலில் இன்னொரு வேலையும் இருக்கிறது. 1977-இல் ரோஜர் போர்சோல்ட் குழு, தப்ப வழியில்லாத தண்ணீரில் விடப்பட்ட விலங்கு ஒரு கட்டத்தில் அசைவதை நிறுத்தி மிதப்பதைக் கவனித்தது. அந்த அசையாமையை நம்பிக்கையிழப்பின் நடத்தை என்று பொருள் கொண்டது. மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தால் அசையாத நேரம் குறைந்தது. அதன்பின் பல்லாண்டு காலம் உலகின் ஆய்வகங்கள் மனச்சோர்வு மருந்துகளைச் சலித்தெடுக்க இந்தச் சோதனையை நம்பியிருந்தன.

செய்முறை விவரங்களில் இரு சோதனைகளும் வேறுபடுகின்றன. நேர அளவு வேறு, சிலவற்றில் வாலில் எடை கட்டுவதுண்டு. ஆனால் அடிப்படைக் காட்சி ஒன்றேதான்: எலி நீந்துவதை நிறுத்துகிறது. ஓர் ஆய்வகம் அதை உடல் களைத்துவிட்டது என்று படிக்கிறது; பக்கத்து ஆய்வகம் மனம் தளர்ந்துவிட்டது என்று படிக்கிறது. எலியிடம் கேட்க முடியாது. மிதப்பது ஆற்றலைச் சேமிக்கும் புத்திசாலித்தனம் என்று மூன்றாவதாகவும் ஒரு விளக்கத்தை விமர்சகர்கள் வைத்திருக்கிறார்கள்.

மனிதரிடம் கேட்க முடியும். வியப்பு என்னவென்றால், கேட்க முடிந்தும் மருத்துவம் நெடுங்காலம் இதே குழப்பத்தில்தான் இருந்திருக்கிறது.

4. அளவுகோல்களுக்குள் நடக்கும் தகராறு

மனச்சோர்வைக் கண்டறிய இன்று மிகப் பரவலாகப் பயன்படும் வினாநிரல் 2001-இல் வெளியான பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தொட்டால் மிதமான மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வது வழக்கம். நான்காவது கேள்வி களைப்பைப் பற்றியது. தூக்கம், பசி, கவனம், அசைவில் மந்தம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு கேள்வி உண்டு.

இதை டயாலிசிஸில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்போம். சிறுநீரகச் செயலிழப்பில் தூக்கம் கெடும், பசி போகும், உடல் மந்தமாகும், களைப்பு ஓயாது. நான்குக்கும் மூன்று மூன்றாகப் போட்டால் 12. துயரம் பற்றிய கேள்விக்கும் எதிலும் நாட்டமின்மை பற்றிய கேள்விக்கும் அவர் பூஜ்யம் போட்டிருந்தாலும் எல்லையைத் தாண்டிவிடுவார். முதல் இரு கேள்விகளில் ஒன்றாவது பொருந்தினால் மட்டுமே நோயாகக் கருத வேண்டும் என்ற விதியும் அந்த வினாநிரலுக்கு உண்டு. அவசரமான புறநோயாளிப் பிரிவில் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதே நடைமுறை என்பதால் அந்த விதி பயனற்றுப் போகிறது.

இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்தவர்கள் சிக்மண்டும் ஸ்னெய்த்தும். 1983-இல் உடல்நோயாளிகளுக்கென்றே அவர்கள் அமைத்த 14 கேள்விகள் கொண்ட அளவுகோல், களைப்பு, தலைவலி, தூக்கமின்மை போன்ற உடற்குறிகளை வேண்டுமென்றே விலக்கியது. நல்ல முடிவு. ஆனால் எல்லாம் மந்தமாகிவிட்டதாகத் தோன்றுகிறதா என்ற பொருளில் ஒரு கேள்வி அதற்குள்ளும் நுழைந்துவிட்டது. வாசல் வழியே அனுப்பிய சோர்வு ஜன்னல் வழியே திரும்பிவிட்டது.

வாழ்க்கைத்தரத்தை அளப்பவர்கள் வேறு வழி எடுத்தார்கள். 1992-இல் வந்த எஸ்.எஃப்-36 வினாநிரலில் உயிர்த்துடிப்புக்கு நான்கு கேள்விகள் தனிப் பிரிவாகவும், மனநலத்துக்கு ஐந்து கேள்விகள் தனிப் பிரிவாகவும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர அளவுகோல் பல பண்பாடுகளில் ஒரே சமயத்தில் உருவாக்கப்பட்டது. அதில் பங்கேற்ற மையங்களுள் சென்னையும் ஒன்று. அதன் 26 கேள்விகள் கொண்ட சுருக்கத்தில் ஆற்றல் உடல் பிரிவிலும், எதிர்மறை உணர்வுகள் உளப் பிரிவிலும் வைக்கப்பட்டன. வலி நிவாரண மருத்துவத்தில் 1991 முதல் பயன்படும் எட்மன்டன் அளவுகோலும் களைப்பையும் மனத்தளர்வையும் இரு தனி வரிகளாக, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறது.

ஆக, நோயைத் தேடும் கருவிகள் சோர்வை மனச்சோர்வுக்குள் அடக்குகின்றன. வாழ்க்கையைத் தேடும் கருவிகள் அதைத் தனியே நிறுத்துகின்றன. எது சரி என்பதைக் கருவிகளை வைத்தே தீர்க்க முடியாது. சிகிச்சை ஆய்வுகள் ஓரளவு வெளிச்சம் தருகின்றன.

2003-இல் மோரோ குழு வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெற்றுவந்த சுமார் 500 பேரில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வு மருந்தான பாராக்செட்டினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களின் மனத்தளர்வு குறைந்தது. களைப்பு குறையவில்லை. சோர்வு மனச்சோர்வின் நிழல் மட்டுமே என்றால் இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும். என் மதிப்பில், இரண்டும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

5. கோவாவும் ஹூனானும்

அப்படியானால் சோர்வு முற்றிலும் உடலைச் சேர்ந்ததா? இதற்கு எதிர்ச்சான்று இந்தியாவிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் ஒரு பெண் களைப்பு என்று சொன்னால் மருத்துவர் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். இரத்தசோகைதான் முதல் ஊகம். சத்து மாத்திரைதான் முதல் மருந்து. விக்ரம் பட்டேல் குழு கோவாவில் 18 முதல் 50 வயதுவரையுள்ள சுமார் 2,500 பெண்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவு இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த களைப்பு 12.1 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவுக்கும் களைப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு இருந்தது வேறு விஷயங்களுக்கு: வறுமை, கடன், பசி, கணவனின் வன்முறை, மன உளைச்சல்.

இரத்தசோகை களைப்பைத் தராது என்று இதற்குப் பொருளல்ல. ஒரு சமூகத்தில் யாருக்குக் களைப்பு நீடிக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையைவிட அவர் குடும்பத்தின் கடன் கணக்கு தெளிவாகச் சொல்லக்கூடும் என்பதே பொருள். அந்தப் பெண்கள் நெடுநோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். பொது மக்கள்தொகையில் நிலைமை இது. நோயும் சேரும்போது சுமை கூடுமே தவிரக் குறையாது.

சீனாவின் ஹூனானில் 1980-களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளெய்ன்மன் செய்த ஆய்வு இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதது. நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவர்கள் பெயரிட்டிருந்த 100 நோயாளிகளை அவர் பரிசோதித்தார். 87 பேருக்கு அமெரிக்க அளவுகோலின்படி பெரும் மனச்சோர்வு இருந்தது. இதை மட்டும் சொல்லி, சோர்வு என்பது மனச்சோர்வை வெளியே சொல்ல முடியாதவர்களின் மாற்றுமொழி என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. கிளெய்ன்மன் அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. மனச்சோர்வு மருந்தால் அறிகுறிகள் குறைந்த பிறகும், வேலையிடத்திலும் குடும்பத்திலும் சிக்கல் தீராதவர்கள் நோயாளிகளாகவே நீடித்ததை அவர் பதிவு செய்தார். கலாச்சாரப் புரட்சியின் காயங்கள் ஆறாத சமூகம் அது. உடல் தளர்ந்துவிட்டது என்று சொல்வதில் ஆபத்தில்லை; மனம் உடைந்துவிட்டது என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும்.

உடல்தான் என்பதற்கு மோரோ, வாழ்நிலைதான் என்பதற்குப் பட்டேல், மனம்தான் என்பதற்குக் கிளெய்ன்மனின் பாதி என்று சான்றுகளைப் பிரித்துக்கொடுத்துவிட்டால் விவாதம் நாகரிகமாக முடிந்துவிடும். அது ஏமாற்று. ஒரே நோயாளியிடம் மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. அந்த அளவுகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன.

6. ஒரு ரப்பர்வெட்டியின் நாள்

வித்துரா போன்ற ஊரில் ரப்பர்வெட்டு வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாண்டாக நீரிழிவு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கேரளத்தில் நீரிழிவு உள்ளவர்கள் 25.5 விழுக்காடு என்றது. நாட்டிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அது. ஆகவே கற்பனைக்குப் பெரிய முயற்சி வேண்டாம்.

ரப்பர்ப் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன். அவர் இருட்டிலேயே எழுந்து, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, சரிவில் மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். காலை உணவு பிறகுதான். இரவில் போட்ட மருந்தின் வேகத்தில் அதிகாலையில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், கண் இருளும். அதற்குப் பயந்து மருந்தைக் குறைத்தால் சர்க்கரை ஏறும்; ஏறினால் இரவில் பலமுறை சிறுநீருக்கு எழ வேண்டும்; தூக்கம் போகும். கால் எரிச்சலுக்குக் கொடுத்த நரம்பு மருந்து பகலில் மயக்கத்தைத் தரும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த சில மருந்துகளும் உடலைத் தளர்த்தும். தைராய்டு, சிறுநீரகம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று பின்னணியில் மறைந்திருக்கலாம். தொடர்ந்த அழற்சியில் உடல் வெளியிடும் சைட்டோகைன்கள் மூளையில் செயல்பட்டு, காய்ச்சலின்போது வருவதுபோன்ற ஒடுக்கத்தையும் நாட்டமின்மையையும் உண்டாக்குகின்றன என்பதும் இப்போது நன்கு அறியப்பட்டது. உடலுக்கும் மனத்துக்கும் நடுவே நாம் போட்ட கோட்டை இந்த வேதிப்பொருள்கள் மதிப்பதில்லை.

இதுவரை சொன்னது மருத்துவம். இனி கூலி. வெட்டிய மரங்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி கிடைக்கும் இடத்தில், முந்நூறு மரம் வெட்டியவர் இருநூறோடு நிறுத்தினால் அவருடைய சோர்வு அன்று மாலையே ரூபாயில் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் வேலையே இருக்காது. கடன் வாங்குவார். கடன் தூக்கத்தைக் கெடுக்கும். சோம்பேறி என்ற பேச்சு வரும். கள்ளுக்கடைப் பக்கம் போவதையும் திருமண வீட்டுக்குப் போவதையும் ஒருசேர நிறுத்திவிடுவார். முதலாவதைக் குடும்பம் கவனிக்கும், இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. 'க்ஷீணமாணு' (களைப்பாக இருக்கிறது) என்று அவர் மருத்துவரிடம் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் நிற்கிறது.

தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு இதோடு இன்னொன்றும் சேரும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் மருத்துவ வசதியையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. தோட்டம் ஓடும்வரை அந்தப் பொறுப்பு ஓடும். தோட்டம் நலிந்தால் வேலையும் வீடும் மருந்தும் ஒரே வாசலில் நின்றுபோகும். லயத்தில் படுத்திருக்கும் கணவனைப் பார்த்துக்கொண்டு, கிடைத்த கூலி வேலைக்கும் போய்வரும் மனைவியின் களைப்பு எந்த நோய்ப் பதிவேட்டிலும் வராது. அவர் நோயாளி இல்லையே.

7. வலிக்குக் கிடைத்த இடம்

கேரளத்தின் நோய்த்தணிப்பு இயக்கத்தைப் பாராட்டாமல் இந்தப் பொருளைப் பேச முடியாது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் போன்றவர்கள் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, சில ஆண்டுகளில் ஊர்மக்களே நடத்தும் வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு நோய்த்தணிப்புக்குத் தனிக் கொள்கை அறிவித்தது. இந்தியாவில் முதல் மாநிலம் அதுதான். ஊராட்சிப் பணத்தில் செவிலியர் வீடுதேடிப் போகும் முறை அதன் வழியே நிலைத்தது. ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா திருவனந்தபுரத்திலிருந்தே செயல்படுகிறது. புற்றுநோயில் தொடங்கிய இந்தச் சேவை இன்று பக்கவாதம், முதுமை, சிறுநீரக நோய், முதுகுத்தண்டுக் காயம் என்று விரிந்துவிட்டது.

இந்த இயக்கத்தின் பிறப்பிலேயே வலி மையமாக இருந்தது. மார்ஃபின் என்ற பயனுள்ள மருந்து இருந்தும் நோயாளிக்குக் கிடைக்காத கொடுமைதான் அதை உருவாக்கியது. போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தவைத்ததில் இந்த மருத்துவர்களின் பங்கு பெரிது. வலிக்கு மருந்து உண்டு. ஆகவே வலியைக் கேட்கிறோம், எண்ணால் குறிக்கிறோம், அடுத்த முறை ஒப்பிடுகிறோம். சோர்வுக்கு அப்படி ஒரு மாத்திரை இல்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கேட்பதற்கும் கை வராது. செவிலியரைக் குறைசொல்வது அல்ல இது. சிறுநீர்க்குழாய் மாற்றி, புண் கட்டி, அடுத்த வீட்டுக்கு ஜீப்பில் மலையேற வேண்டியவர் அவர்.

நோயாளிகளின் வரிசை வேறாக இருக்கிறது என்பதற்கு ஓர் உலகளாவிய சான்று உண்டு. டயாலிசிஸ் ஆய்வுகளில் எந்த விளைவுகளைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று நோயாளிகள், குடும்பத்தினர், மருத்துவர்கள் ஆகியோரைக் கலந்து முடிவெடுத்த சர்வதேச முயற்சியில் நான்கு முதன்மை விளைவுகள் தேர்வாயின. இதயநோய், மரணம், இரத்தக்குழாய் வழி ஆகியவற்றோடு சமமாக நின்றது களைப்பு. நோயாளிகளைக் கேட்காமல் மருத்துவர்கள் மட்டும் பட்டியல் போட்டிருந்தால் அது அங்கே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

8. என்ன பயன் தருகிறது

மாத்திரை இல்லை என்பதால் வழியே இல்லை என்றாகாது. புற்றுநோய்க் களைப்பு பற்றிய 113 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பாய்வு, உடற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும் மருந்துகளைவிடக் கூடுதல் பயன் தந்ததாகக் கண்டது. நீரிழிவோடு மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரிடம் சென்னை உள்ளிட்ட நான்கு இந்திய நகரங்களில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே குழு கவனித்தபோது மனநிலையும் உடல் அளவுகளும் சேர்ந்து முன்னேறியவர்கள் 71.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 57.4.

வித்துரா இருக்கும் அதே மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் அபாயமுள்ள 1,007 பேரிடம் நடந்த தடுப்பு முயற்சி இன்னும் சுவையானது. ஊர்க்காரர்களே வழிநடத்திய சிறு குழுக்கள் கூடிப் பேசின, நடந்தன, காய்கறி வளர்த்தன. 2018-இல் முடிவு வந்தபோது, நீரிழிவு வருவதைத் தடுத்ததில் புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் பங்கேற்றவர்களின் உடற்செயல்பாட்டு மதிப்பெண் உயர்ந்திருந்தது. இரத்தத்தில் தெரியாத முன்னேற்றம் வாழ்க்கையில் தெரிந்திருக்கிறது. வாழ்க்கைத்தரத்தை அளக்காமல் விட்டிருந்தால் அந்தத் திட்டம் வெறும் தோல்வியாகப் பதிவாகியிருக்கும்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. நடந்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. சிறு உழைப்புக்குப் பிறகு நாள்கணக்கில் நிலைமை மோசமாகும் ஒருவகை நெடுங்களைப்பு நோய் உண்டு; கோவிடுக்குப் பிறகு சிலரிடம் காணப்படும் சோர்விலும் இந்தப் பண்பு இருக்கிறது. அந்த நெடுங்களைப்பு நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைப் பிரிட்டனில் 2011-இல் ஒரு பெரிய ஆய்வு ஆதரித்தது. நோயாளிகளின் கடும் எதிர்ப்புக்கும் ஆய்வுமுறை பற்றிய விமர்சனங்களுக்கும் பிறகு 2021-இல் அந்நாட்டு வழிகாட்டுதல் அந்த முறையைக் கைவிட்டது. சோர்வின் வகையைக் கேட்டறியாமல் தரும் அறிவுரை டானிக்கைப் போலவே கண்மூடித்தனமானது. சில இடங்களில் டானிக்கைவிடத் தீங்கானது.

9. கேட்க வேண்டியது

சான்றுகள் இதுவரை காட்டுவதை வைத்து என் முடிவு இது. நெடுநோயின் சோர்வு மனநிலையோடு பின்னியது, ஆனால் அதில் கரைந்துவிடுவது அல்ல. ஆகவே அதைத் தனியாகக் கேட்க வேண்டும், தனியாகக் குறிக்க வேண்டும். ஆரோக்கியப்பச்சையில் பயனுள்ள மூலக்கூறு நாளை உறுதிப்படலாம். அப்போதும் யாருடைய எந்தச் சோர்வுக்கு என்ற கேள்வி தீராது. வித்துராவின் ஒன்பது பிலாத்திகளின் எதிர்ப்பை இந்தக் கோணத்திலும் படிக்கலாம்.

கேரளத்தின் வீட்டுப் பராமரிப்புச் செவிலியருக்கும், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் களப்பணியாளருக்கும் மூன்று கேள்விகள் போதும். சோர்வு பத்துக்கு எத்தனை? மனத்தளர்வு பத்துக்கு எத்தனை? இதனால் இந்த வாரம் எந்த வேலையை விட்டீர்கள்? முதல் இரு எண்களும் ஒன்றாக நகர்ந்தால் மனநலச் சிகிச்சைக்கு அனுப்பலாம். மனம் தெளிந்தும் சோர்வு குறையாவிட்டால் தைராய்டு, இரத்தம், சிறுநீரகம், தூக்கம், எடுத்துவரும் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் மறுபடி பார்க்கலாம். மூன்றாவது கேள்வியின் விடை ஓய்வூதியத்துக்கும் நலத்திட்டத்துக்கும் பரிந்துரைக்க உதவும். அதே மூன்றையும் பராமரிக்கும் மனைவியிடமும் மகளிடமும் கேட்க வேண்டும்.

இதற்குப் புதிய கருவியோ தனி நிதியோ தேவையில்லை. இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் வீட்டுப்பார்வைப் பதிவேடுகளை அடுத்த முறை அச்சிடும்போது, வலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் ஒதுக்க வேண்டும்.